விமானத்தில் ஏறாத எலியேசர்

எலியேசர் பதினைந்து வருடம் விமானப்படையில் இருந்தவர். ஆனால் ஒருநாளும் விமானத்தில் ஏறாதவர். பாளையங்கோட்டையில் அவருடைய சபையில் யாரைக் கேட்டாலும் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

அதற்குக் காரணம் அவருடைய அம்மா. 1967இல் பத்தொன்பது வயதில் எலியேசர் வேலைக்குக் கிளம்பியபோது, குருவானவர் முன்னால் வேதப்புத்தகத்தின்மேல் கை வைக்கச் சொல்லிப் பொருத்தனை வாங்கினார். “கவர்மெண்ட் வேலை வேணும், வேண்டாங்கல. ஆகாசம் வேண்டாம்” என்றார். எலியேசருக்குக் கிடைத்தது எஞ்சின் மெக்கானிக் வேலை. மாதம் தவறாமல் அம்மாவுக்குக் கடிதம் வரும். ‘நான் தரையில்தான் வேலை செய்கிறேன், ஏறுவதில்லை’ என்ற வரி எல்லாக் கடிதத்திலும் இருக்கும். அம்மா அதைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் சத்தமாக வாசிப்பார். 1971 டிசம்பரில், கிழக்கே போர் நடந்துகொண்டிருந்தபோது வந்த கடிதத்தையும் அப்படியே வாசித்தார். கூட்டமே ஸ்தோத்திரம் சொன்னது.

அதனால்தான், போன ஜனவரியில் வந்த பதிவுத் தபாலை இரண்டு தடவை படித்தும் கெசியாவால் நம்ப முடியவில்லை. கெசியா அவருடைய மனைவி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டுக்கு யார் பேருக்குத் தபால் வந்தாலும் அவர்தான் பிரிப்பார். 1971 போரில் எல்லை தாண்டி மூன்று முறை பறந்ததாகச் சொல்லி எலியேசர் பதக்கம் கேட்டிருக்கிறார். படைப்பிரிவின் பதிவேட்டில் விமானிகளின் பெயர்தான் இருக்கிறது, இவர் பெயர் இல்லை. அந்தக் காலத்து ஆவணமோ கூடப் பறந்த அதிகாரியின் சான்றோ, பிரமாணப் பத்திரத்தோடு மூன்று மாதத்துக்குள் அனுப்பவேண்டும் என்று இருந்தது.

எலியேசர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இது என்னது?”

“பதக்கத்துக்கு மனு போட்டேன்.”

“யாரு போட்டுக் குடுத்தா?”

“தாஜ் முகம்மது இ-சேவை கடையில.”

“ஓடிபி எதுவும் சொன்னியளா?”

“இது அந்த மாதிரி இல்ல, கெசியா.”

“எந்த மாதிரி இல்ல? பறந்தேன்னுல்லா எழுதியிருக்கிய. கவர்மெண்டுக்குப் பொய் எழுதிக் குடுத்தா என்ன ஆகும்னு தெரியும்லா?”

“பொய் இல்ல. பறந்தேன்.”

இட்லித் தட்டை அவர் முன்னாலிருந்து கெசியா எடுக்கவில்லை. சட்னி மட்டும் மறுபடி ஊற்றவில்லை.

“எம்பது வயசு ஆகப்போவுது. இப்ப எதுக்கு?”

“ஆகஸ்ட் பதினஞ்சு ஆராதனையில வேதநாயகம் சொன்னான்லா.”

வேதநாயகம் சபைச் செயலாளர். முன்னாள் படைவீரர்களுக்குப் பொன்னாடை போர்த்தும்போது, “ஆகாசத்தையே பாக்காத ஆகாயப்படை வீரர்” என்று எலியேசரை மைக்கில் அழைத்திருந்தார். கோயில் முழுக்கச் சிரித்தது.

“நீயும் சிரிச்ச” என்றார் எலியேசர்.

“சிரிச்சேன்” என்றார் கெசியா. அவருக்கு அப்போது வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் மகள் ரீபாவுக்கு மஸ்கட்டில் தலைப்பிரசவம். மருமகன் இரண்டு பேருக்கும் டிக்கெட் போடத் தயாராக இருந்தார். கெசியா பாஸ்போர்ட்கூட எடுத்துவிட்டார். எலியேசர்தான், “அம்மாவுக்குப் பண்ணுன பொருத்தனை. நான் ஏறமாட்டேன். உன்னையும் தனியா விடமாட்டேன்” என்று உட்கார்ந்துவிட்டார். பிள்ளையின் தலைக்குத் தண்ணீர் ஊற்ற ரீபா ஒரு மலையாள அம்மாவைக் கூலிக்கு வைத்தாள். பேத்தியைக் கெசியா கையில் வாங்கும்போது அதற்குப் பதினோரு மாதம்.

இந்த மனிதர் 1971இலேயே பறந்திருந்தால், அந்தப் பொருத்தனை எப்போதோ முறிந்துவிட்டது. அப்படியானால் மஸ்கட்டுக்குச் சொன்னது பொய். பறக்கவில்லை என்றால் மனு பொய். எப்படிப் போட்டாலும் ஒரு பொய் மீதி வந்தது. அது எது என்று தெரியாமல் கெசியா விடுவதாக இல்லை.

ஆழ்வார்குறிச்சியில் இருக்கும் எலியேசரின் தம்பி எஸ்றா, அம்மாவுக்கு வந்த கடிதங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தார். போன் செய்ததும் மறுநாளே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “அண்ணன் ஏறவே இல்லைங்கதுக்கு இதவிட சாட்சி வேணுமா மைனி?” என்று கேட்டார். உதவி செய்வதாகத்தான் அவர் நினைத்தார்.

பையோடு கெசியாவும் எலியேசரும் தாஜ் முகம்மதுவின் இ-சேவை மையத்துக்குப் போனார்கள். டிசம்பர் 1971 தேதியிட்ட இன்லண்டு லெட்டரைத் தாஜ் முகம்மது ஸ்கேனரில் வைக்கப் போனவர், வாசித்துவிட்டு வெளியே எடுத்தார்.

“அண்ணாச்சி, ‘ஏறுவதில்லை’ன்னுல்லா இருக்கு. இத ஏத்துனா மனுவ அங்கனயே கிழிச்சிருவான். இது கண்ணுல படலன்னு விட்டுருவோம்.”

“அதான் நானும் சொன்னேன்” என்றார் எலியேசர்.

“எதுக்கு விடணும்?” என்றார் கெசியா. “கையில இருக்க காயிதத்த இல்லன்னு மறைச்சு சத்தியம் பண்ணணுமா? இவங்க அம்மைக்கு எழுதுனது பொய்யா, கவர்மெண்டுக்கு எழுதுனது பொய்யான்னு மொதல்ல தெரியட்டும்.”

பின்னால் ஆதார் திருத்த வந்து நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். தாஜ் முகம்மது கடிதத்தை மடித்து டீச்சர் கையிலேயே கொடுத்தார்.

பரீட்சையில் இரண்டு பிள்ளைகள் விடைத்தாள் ஒரே மாதிரி இருந்தால் கெசியா டீச்சர் திட்டமாட்டார். ஒருவனை ஒரு வகுப்பிலும் இன்னொருவனை வேறு வகுப்பிலும் உட்கார வைத்து, அதே கணக்கை மறுபடி போடச் சொல்வார். அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ஒரு கோடு போட்ட நோட்டை வைத்து, “மூணு தடவையும் நடந்தத எழுதுங்க” என்றார்.

“நான் என்ன உன் கிளாஸ் பிள்ளையா?”

“எழுதுங்க.”

எலியேசர் எழுதினார். போரில் முன்னேறிய படைக்கு விமானத்திலிருந்து மூட்டைகளைப் போடவேண்டியிருந்தது. கதவருகே நின்று தள்ள ஆள் பற்றவில்லை. மெக்கானிக்குகளில் யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது கையைத் தூக்கினார். முதல் தடவைக்கு ஒரு பக்கம். இரண்டாவதற்கு முக்கால் பக்கம். மூன்றாவதற்கு இரண்டே வரி.

கெசியா நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அவருடைய போனையும் வாங்கினார். விமானப்படைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைய விமானி பட்வர்தனின் நம்பர் இருந்தது. புனேயில் இருக்கிறார், எண்பத்து மூன்று வயது. எலியேசரை மாடிக்கு அனுப்பிவிட்டுக் கெசியா கூப்பிட்டார். இரண்டு தடவை ஒரு பெண் எடுத்து, மோசடிக்காரர்கள் என்று நினைத்துக் கட் செய்தாள். மூன்றாவது தடவை, பள்ளிக்கூட ஆங்கிலத்தில், “நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை, அவர் சொல்வதைக் கேட்கத்தான் கூப்பிடுகிறேன்” என்றார் கெசியா. கொஞ்ச நேரம் கழித்துக் கிழவரின் குரல் வந்தது. எலியேசர் என்ன எழுதியிருக்கிறார் என்று கெசியா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதல் இரண்டும் நோட்டில் இருந்தபடியே வந்தன. மூன்றாவதைக் கிழவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கீழேயிருந்து சுட்டார்கள். குண்டு தரைத்தகட்டைத் துளைத்து, எலியேசர் பிடித்திருந்த மாவு மூட்டையைக் கிழித்தது. உள்ளே எல்லாம் வெள்ளை. அந்தப் பையன் தரையில் இருந்த இரும்பு வளையத்தைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். இறங்கிய பிறகும் விடவில்லை. இரண்டு பேர் சேர்ந்து விரல் விரலாகப் பிரித்தோம். “நல்ல பையன். நானே சான்று எழுதி அனுப்புகிறேன். அவனிடம் இதைக் கேட்காதீர்கள்” என்றார்.

கெசியா மாடிக்குப் போய்க் கேட்டார்.

“மூணாவதுக்கு ரெண்டு வரிதான் எழுதியிருக்கிய.”

எலியேசர் காய்ந்த துணிகளை மடிக்கத் தொடங்கினார். மடிக்க வராது அவருக்கு.

“அவரு சொல்லிட்டாரா?”

“சொல்லிட்டாரு.”

“அதுக்குப் பெறகு ஏற முடியல, கெசியா. பறக்கப்போற விமானத்துப் பக்கமே போவமாட்டேன். அம்மைக்கு எழுதுனது அந்த மாசம் மட்டுந்தான் பொய். மஸ்கட்டுக்கு… பயம்னு ஒன்கிட்ட எப்படிச் சொல்ல? பொருத்தனைன்னா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க.”

“என்னை எதுக்குப் போவிடாம வச்சிய?”

எலியேசர் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார்.

பிரமாணப் பத்திரத்தைக் கெசியாவே எழுதினார். மூன்று முறை பறந்ததும், தாய்க்கு அந்த மாதம் பொய் எழுதியதும், மூன்றாம் முறை நடந்ததும் அதில் இருந்தன. கடைசியைச் சேர்க்கவேண்டுமா என்று எலியேசர் கேட்டார். பட்வர்தன் சார் எழுதுகிற சான்றில் அது இருந்து, இதில் இல்லாவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்றார் கெசியா. எலியேசர் கையெழுத்துப் போட்டார். கடிதத்தோடு எல்லாவற்றையும் ஏற்றி முடித்ததும், கெசியா கைப்பையிலிருந்து காலாவதியான பாஸ்போர்ட்டை எடுத்துத் தாஜ் முகம்மதுவிடம் நீட்டினார். ஒரு பக்கத்தில்கூட முத்திரை இல்லை.

“இதப் புதுப்பிக்கணும்.”

“அண்ணாச்சிக்கும் சேத்துப் போடவா டீச்சர்?”

“அவரு ஏறமாட்டாரு” என்றார் கெசியா. “எனக்கு மட்டும்.”

ஆகஸ்டில் பதக்கம் வந்தபோது கெசியா மஸ்கட்டில் இருந்தார். எலியேசர் தானே வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வீடியோவில் கூப்பிட்டார். பதக்கத்தைக் கேமரா முன்னால் ஆட்டிக்காட்டினார். கெசியா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

“ஆட்டாம பிடிங்க. பின்னால திருப்புங்க. ஓரத்துல பேரு எழுதியிருப்பாங்களாமே, அதக் காட்டுங்க.”

எலியேசர் விளிம்பைப் பையத் திருப்பினார். கெசியா ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசித்தார். ஒரு இடத்தில் வெளிச்சம் பட்டுத் தெரியவில்லை என்று மறுபடி காட்டச் சொன்னார். எலியேசர் காட்டினார்.

“சரி” என்றார் கெசியா. “உங்களுதுதான்.”