பைன் காட்டுக்கு அனுமதி

சினிமாவில் கதாநாயகிகள் ஓடிப் பிடித்து விளையாடுகிற பைன் காட்டில், என் கணவரோடு ஒருதரம் உச்சிவரை நடந்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஓடத் தேவையில்லை. முழங்கால் இப்போதே மக்கர் பண்ணுகிறது; இன்னும் கொஞ்சக் காலம் போனால் நடக்கவும் விடாது. அதனால்தான் போன வருடம் சண்டை பிடித்து அவரை மலைநாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

வான் வண்டியை விட்டு இறங்கினால், காட்டின் வாசலில் 'அரச வனம்' என்று ஓர் அரசாங்கப் பலகை. மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வேலைக்காலம் முழுவதும் சீனன்குடாவில், எண்ணெய் சேமிக்கும் தாங்கிகளின் பக்கம். வாசலில் பாஸ் காட்டாமல் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அடையாள அட்டை இல்லாமல் கிணற்றடிக்குக்கூடப் போகாத ஆள்.

"ஆரிட்டையும் கேக்காமல் உள்ளுக்குப் போக ஏலாது," என்றார்.

"எல்லாரும் போகினமே, உங்களுக்குக் கண் தெரியேல்லையே?"

"அவையள் கேட்டிருப்பினம்."

அட்டையைக் கையில் பிடித்தபடி காவலாளியைத் தேடினார். அப்படி ஒருவரும் அங்கே இல்லை. கடைசியில், அவித்த சோளம் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் அதை நீட்டினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் வாங்கி, இரண்டு பக்கமும் நிதானமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, போயிட்டு வாங்க சார்," என்றாள்.

உதிர்ந்த ஊசியிலைகள் காலை வாரின. நான் மரத்துக்கு மரம் பிடித்து ஏறினேன். அவர், முன்னால் போனவர்கள் மிதித்த இடத்திலேயே மிதித்து, என் பின்னால் வந்தார். உச்சியில் மூச்சு வாங்க உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோசம்தான்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் பக்கத்தில் ஆளைக் காணவில்லை. பாதையை விட்டு விலகி, சரிவில் தன் பாட்டில் உலாவிக்கொண்டிருந்தார். கூப்பிட வாயெடுப்பதற்குள் கால் வழுக்கி விழுந்து, இருந்தவாக்கில் கீழே சறுக்கிப் போனார். நான் ஐயோ என்று குழறினேன்.

கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இந்த மனிதருக்கு இவ்வளவு சத்தமாகச் சிரிக்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

"இஞ்சை வாருமப்பா!" என்று கத்தினார். "ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை!"