பத்தும் மூன்றும் பன்னிரண்டு

எங்கள் அலுவலகத்து மவுஸைத் தொட்டாலே எனக்குக் குமட்டும். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருக்கிறது அலுவலகம். வீடு கட்டுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் பிளான் வரைந்து கொடுப்பது எங்கள் தொழில். நாலு மணிக்கு இன்ஜினியர் சாருக்கு வாழைக்காய் பஜ்ஜி வந்துவிடும். தின்ற கையைத் துடைக்காமலேயே என் தோளுக்கு மேலாக எட்டி மவுஸைப் பிடிப்பார். பத்து வருடமாக அந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அது சோப்புப் போட்டால் போய்விடும். ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு நான் செய்த வேலை அப்படிப் போகவில்லை.

அந்த வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனவர். முதுகில் செய்த ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு அவர் மனைவிக்கு இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. கைகளுக்கு ஒன்றுமில்லை. வீல்சேரைத் தானே தள்ளிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவார். கொல்லைப்பக்கம் அவருக்கென்று ஒரு படுக்கையறையும், அதை ஒட்டிய நடை வழியாகப் போனால் ஒரு பாத்ரூமும் கட்ட வேண்டும் என்றார்கள். அளவெடுக்க நான்தான் போனேன்.

"ரூம் சின்னதா இருந்தாலும் பரவால்லம்மா," என்றார் அந்த அம்மா. "பாத்ரூமுக்கு நானே போகணும். எட்டு மாசமா ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போறாங்க. போதும்."

வீல்சேரை அளந்தேன். இருபத்தாறு அங்குலம். சக்கரத்தைத் தள்ளும் கைக்கும் இடம் வேண்டுமே என்று நடைக்கு மூன்றடி எனக் குறித்துக்கொண்டேன். கொல்லையின் மொத்த அகலம் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நாலு அங்குலத் தடுப்புச் சுவர் போக மிச்சம் பன்னிரண்டடி ஓர் அங்குலம். நடைக்கு மூன்று கொடுத்தால் அறைக்கு ஒன்பதடி ஓர் அங்குலம் வரும். அப்படியே வரைந்தேன்.

மறுநாள் வீட்டுக்காரர் மனையடி சாஸ்திரப் புத்தகத்தோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். படுக்கையறை ஒன்பதடி இருக்கக் கூடாதாம், ஆயுள் குறையுமாம். பத்தடிதான் நல்லதாம். எட்டு மாதமாக நடக்க முடியாத மனைவியை நினைத்து, ஆயுள் என்ற வரியைத் திரும்பத் திரும்ப விரலால் தொட்டுக் காட்டினார். அவர்மேல் எனக்கு அப்போது கோபம் வரவில்லை. புத்தகத்தின் மேல்தான் வந்தது.

"ரூம் பத்து, நடை மூணு. போட்டு வைக்கிறோம் சார், நாளைக்கு வாங்க," என்றார் எங்கள் இன்ஜினியர், கொஞ்சமும் கூசாமல்.

வீட்டுக்காரர் போனதும் கேட்டேன். "அவ்வளவு இடம் இல்லையே சார். பன்னெண்டு அடி ஒரு இஞ்ச்தானே இருக்கு?"

"படத்துல வரணும்னுதானே கேக்குறாரு? பிரிசிஷனை ஜீரோவுல வைங்க."

மென்பொருளில் யூனிட்ஸ் என்று ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அளவு அடியிலா, மீட்டரிலா, மில்லிமீட்டரிலா என்று அங்கேதான் சொல்லி வைக்க வேண்டும். அதன் பக்கத்திலேயே பிரிசிஷன்: புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் காட்டலாம் என்பது. நாங்கள் அடியில் வரைந்து இரண்டு இலக்கம் காட்டுவோம். அதை ஜீரோவாக்கினால் சுவர் இருந்த இடத்திலேயே இருக்கும், எண் மட்டும் முழு எண்ணாகிவிடும். ஒன்பதரைக்கு மேலே எது இருந்தாலும் பத்து. இரண்டரைக்கு மேலே எது இருந்தாலும் மூன்று.

பஜ்ஜிக் கை மவுஸுக்கு வந்தது. தடுப்புச் சுவரை அவரே நகர்த்தினார். அறை ஒன்பதரை அடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூடுதல். நடை இரண்டடி ஏழு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. "மீதிய நீங்க பாத்துக்கங்க," என்று எழுந்து போனார். நான் பார்த்துக்கொண்டேன். நாலே நாலு க்ளிக். அறை 10 என்று காட்டியது, நடை 3 என்று காட்டியது. மொத்த அகலம் 12 என்று காட்டியது. தடுப்புச் சுவரின் கனம் 0 என்று வந்தது. பார்ப்பவர்கள் சிரிப்பார்களே என்று அந்தப் பூஜ்யத்தை மட்டும் அழித்தேன். ஒரே தாளில் பத்தும் மூன்றும் பன்னிரண்டு என்று அச்சாகி வந்ததை மடித்து உறையில் போட்டதும் நான்தான். அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத்தான் சாப்பிட்டேன். இப்போது நினைத்தால் அதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருக்கிறது.

சுவர் எழும்பும் நாளில் மேஸ்திரி போன் செய்தார். வீட்டுக்காரர் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்று அறையைச் சுத்தமாகப் பத்தடி எடுக்கச் சொல்லிவிட்டாராம். "நடைக்கு ரெண்டடி ஒரு இஞ்ச்தான் மிஞ்சுது மேடம். படத்துல மூணு போட்டிருக்கீங்களே?"

போனை சாரிடம் கொடுத்தேன். "சைட்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எங்கள் தொழிலில் கேட்கவே கூசும் சொல் அதுதான். தப்பு செய்தவன் அட்ஜஸ்ட் செய்ய மாட்டான், அங்கே வாழப்போகிறவர்தான் செய்ய வேண்டும். அந்த அம்மாவுக்கே ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். போடவில்லை.

வேலை முடிந்ததும், அலுவலக விளம்பரத்துக்குப் போட்டோ எடுத்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிப் போனேன். நடையின் வாயில் இரண்டு பக்கமும் புதுப் பெயிண்ட் உரிந்து, சக்கரம் இடித்த கறுப்புக் கோடுகள். அதற்கு மேல் வீல்சேர் போகவில்லை.

"ரூம் அச்சுப் பிசகாம பத்தடிம்மா," என்றார் வீட்டுக்காரர். நடைப் பக்கம் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அந்த அம்மாவின் மடியில் எங்கள் பிளான் விரிந்து கிடந்தது. "நேத்திக்குத்தான் பீரோவுலேருந்து எடுக்கச் சொன்னேன்," என்றார். ஒரு விரலைப் பத்தில் வைத்தார், பிறகு மூன்றில், பிறகு பன்னிரண்டில். "இது எப்படிம்மா?"

என்னிடம் பதில் இருந்தது. யூனிட்ஸ், பிரிசிஷன், ஜீரோ. கேமராவைப் பைக்குள் வைத்தேன்.

"கட்டுறதுக்கு முன்னாடி எங்கிட்ட யாரும் இதைக் காட்டலையே," என்றார். குரலில் கோபம் இல்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, கணவரைக் கூப்பிட்டு ஏதோ மெதுவாகச் சொன்னார். அவர் பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்து வரப் போனார்.

"நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்கம்மா," என்றார் அந்த அம்மா என்னிடம். "என்னைத் தூக்குவாங்க."