கோமாளி மீனுக்குத் துணை தேடியபோது

ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் ஒரு கோமாளி மீன் தனியாக வளர்ந்து வந்தது. அதற்குத் துணையாக, அளவில் பாதியே இருந்த இன்னொன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். இந்த இனத்தில் பெரியதுதான் பெண் என்றும், சிறியது ஆணாக அடங்கி நடந்தால் ஜோடி சேரும் என்றும் கடைக்காரர் சொன்னார்.

எங்கள் பெரியவளோ புதியவனை மூலைக்கு விரட்டிக் கடித்தாள். வால் கிழிந்தது. அவசரமாக அவனை அரிசி களையும் பிளாஸ்டிக் கூடையில் போட்டுத் தொட்டியிலேயே மிதக்கவிட்டேன். காயம் ஆறியபின் வெளியே விட்டால் மறுபடியும் அதே கடி. இம்முறை அவன் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டான். திரும்பவும் கூடையில் போட்டேன். பிழைப்பான் என்ற நம்பிக்கை இல்லை.

அன்று டத்தோ கிராமாட்டிலிருந்து வந்த என் நாத்தனார் தொட்டியைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன அண்ணி, அடி வாங்கினவன ஜெயில்ல போட்டுட்டு, அடிச்சவள ஜாலான் ஜாலான் சுத்த விட்டிருக்கீங்க?"

"அவ ரொம்ப நாளா இங்க இருக்கிறவ லா."

"அதான் அந்தத் திமிரு! அவளத் தூக்கி உள்ள போடுங்க."

போட்டேன். சின்னவன் தேறி, தொட்டி முழுவதும் நீந்திப் பழகும்வரை அவள் கூடையிலேயே இருந்தாள். வெளியே விட்டதும் நேராக அவனிடம் போனாள். அவன் ஓடவில்லை, பணிவாக உடம்பை நடுக்கிக் காட்டினான். அவள் கடிக்கவில்லை.

இன்று இரண்டும் ஒரே கல்லுக்கு அடியில் உறங்குகின்றன. சின்னவனின் வளர்ந்த வாலைப் பார்க்கும்போதெல்லாம் நாத்தனாரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். இப்போது புது மீன் வாங்கினால், அதைத் தொட்டியில் விடுவதற்கு முன் பழையதைத்தான் கூடைக்குள் வைக்கிறேன்.