விருத்தாம்பாள் அக்காவின் கூட்டு மனு

விருத்தாசலத்தில் ‘விருத்தாம்பாள்’ என்று கூப்பிட்டால் தெருவுக்கு இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் பீங்கான் தொழிற்பேட்டையில் எங்கள் அக்காவை ‘மூணாம் ஷெட்டு விருத்தாம்பாள்’ என்பார்கள். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. அந்த ஷெட்டில் வேலை செய்கிற ஆறு பேருக்கும் அவர் அக்கா. நான் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவையும் படித்தால் வாத்தியாருக்கே அலுத்துவிடும் என்று இரக்கப்பட்டு இங்கே வேலைக்கு வந்துவிட்டேன்.

அக்காவுக்குக் கம்மாபுரம் பக்கம். சின்ன வயதில் கேழ்வரகுக் கொல்லையில் களை எடுத்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் சர்க்கார் பீங்கான் பயிற்சி கொடுத்தபோது சேர்ந்த இருபத்திரண்டு பேரில் பெண்கள் இரண்டே பேர். இன்னொரு பெண் மண் வாசனை தலைவலி என்று ஒரு வாரத்தில் போய்விட்டாள். அக்கா இருந்து, கற்று, பேட்டையில் ஒரு ஷெட்டும் வாங்கிவிட்டார். நாங்கள் செய்வது ஃபியூஸ் கட்டை. வீட்டு மீட்டர் பக்கத்தில் வெள்ளையாக இருக்குமே, கம்பி மாட்டுகிற பீங்கான், அதுதான்.

பேட்டை முழுவதற்கும் சர்க்கார் நடத்துகிற ஒரே பொதுச் சூளை. ஒவ்வொரு ஷெட்டுக்கும் முறை வர இருபது நாளாகும். சூளையிலிருந்து வெந்து வரும் சரக்கில் விரிசல் இருந்தால் எல்லா ஷெட்டுக்காரர்களும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: “சூளைக் குத்தம்.” கலவையில் தப்பு, காய வைத்ததில் தப்பு என்று ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. சூளைக்கு வாய் உண்டு, ஆனால் அது பதில் பேசாது. அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

நிலக்கரிச் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டுகிற வெள்ளை மண்ணை வைத்தே நல்ல கட்டை செய்துவிட வேண்டும் என்பது அக்காவின் எண்ணம். பக்கத்து மண், ரயிலில் வரக் காத்திருக்க வேண்டாம். ஆனால் எவ்வளவு மண்ணுக்கு எவ்வளவு கல்பொடி என்று தெரியவில்லை. ஒரு கலவை போட்டுப் பார்த்தால் பதில் தெரிய இருபது நாள். பதிலும் பெரும்பாலும் விரிசலாக வரும். சொந்தமாக ஒரு சின்னச் சோதனைச் சூளை இருந்தால் தினம் ஒரு கலவை பார்க்கலாம். அக்கா அந்தச் சூளையை ஷெட்டின் மூலையில் தரையில் கரித்துண்டால் வரைந்து வைத்திருந்தார். கதவு, புகைக்கூண்டு எல்லாம் உண்டு. ஒருவரும் அதை மிதிக்கக் கூடாது. மண் கூடையைச் சுமந்துகொண்டு நாங்கள் அந்தக் கரிக்கோட்டைச் சுற்றிப் போவோம்.

எழுபத்திரண்டில் ஒரு சுற்றறிக்கை வந்தது. தொழிற்கூடங்கள் சேர்ந்து ஆராய்ச்சி செய்தால் சர்க்கார் கருவி வாங்கித் தரும். இரண்டு கூடமாவது சேர வேண்டும். மனு இங்கிலீஷில், எட்டுப் பக்கம்.

அக்காவின் வீட்டுக்காரர் சாமிதுரை மாமா பெண்ணாடம் பஸ்ஸில் கண்டக்டர். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் அவர்தான். டிக்கெட் எழுதிப் பழகிய கை, எந்தக் கேள்விக்கும் ஒரு வரிக்கு மேல் பதில் எழுதாது. ‘பிரின்ஸிபல் இன்வெஸ்டிகேட்டர் யார்?’ என்று ஒரு கேள்வி; ஆராய்ச்சியை நடத்துவது யார் என்று அர்த்தமாம். மாமா யோசித்துவிட்டு, போலீஸ் கேஸ் எதுவும் இல்லை என்று எழுதினார். ‘இதுவரை ஏற்பட்ட தோல்விகளும் காரணமும்’ என்று ஒரு முழுப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். அக்கா சொன்னார்:

“தோல்வின்னுல்லாம் ஒண்ணுமில்ல. சூளைக் குத்தம்னு போடுங்க.”

மாமா போட்டார்.

கூடச் சேர்கிற கூடத்தின் பெயர் என்ற இடம் மட்டும் நின்றது. பேட்டையில் யாரைக் கேட்கலாம் என்று அக்கா நான்கு நாள் யோசித்தார். அந்த இடத்தில் யாரோ பென்சிலால் ‘நாலாம் ஷெட்டு கொளஞ்சியப்பன்’ என்று எழுதிவிட்டார்கள். யார் என்று இங்கே விசாரிக்க வேண்டாம். கொளஞ்சியப்பனும் அக்காவும் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். மூன்று வருஷத்துக்கு முன் அக்காவின் சரக்கு உப்பி வந்தபோது, “மூணாம் ஷெட்டுல அப்பளம் சுடுறாங்க” என்று அவர் டீக்கடையில் சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. நடுவிலிருந்த வேலியும் சுவராயிற்று. அந்தப் பெயரைப் பார்த்தால் அக்காவின் முகம் போகிற போக்கை ரசிக்கலாம் என்பதற்கு மேல் எழுதியவருக்கு வேறு நோக்கம் கிடையாது.

மாமா காலைப் பஸ்ஸுக்குப் போகும் அவசரத்தில் பென்சில் எழுத்தின் மேலேயே பேனாவை ஓட்டி, உறையில் போட்டு, தபாலில் சேர்த்துவிட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து மத்தியானத்தில் கொளஞ்சியப்பன் எங்கள் ஷெட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு காக்கி உறை. அதே மாதிரி உறை எங்களுக்கும் வந்து, மாமா வரட்டும் என்று அக்கா அதைப் பிரிக்காமல் வைத்திருந்தார். மாமாவும் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஏம் கண்டக்டரே, யாரக் கேட்டு எம்பேரப் போட்டீங்க?”

“பேரு இருந்துச்சு, எழுதுனேன்” என்றார் மாமா. “ஏறுனவங்களுக்கு டிக்கெட் குடுக்கறதுதான எம் வேல.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் சகதி வடிகட்டுகிற சல்லடையை மிகுந்த அக்கறையோடு கழுவிக்கொண்டிருந்தேன்.

“நான் போடச் சொல்லலைங்க” என்றார் அக்கா, அவர் முகத்தைப் பார்க்காமல். “வெட்டி அனுப்பிடறோம். போயிட்டு வாங்க.”

“வெட்டுனா மனுவே போச்சு. படிச்சுப் பாத்தீங்களா?”

மாமா கடிதத்தை வாங்கிப் படித்தார். கூட்டு முயற்சியை அலுவலகம் வரவேற்கிறது. ஆனால் தோல்விகள் பக்கம் திருப்தியாக இல்லை. வியாழக்கிழமை அதிகாரி நேரில் வருவார். இரண்டு கூடத்தின் தோல்விகளையும் காரணத்தோடு ஒரே பட்டியலாகக் கொடுக்காவிட்டால் மனு தள்ளுபடி.

அக்காவின் கண் ஒரு தடவை கரிக்கோடு இருந்த மூலைக்குப் போய்த் திரும்பியது.

“சூளைக் குத்தம்னா எழுதுனீங்க?” கொளஞ்சியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மனு போற ஆபீஸு யாருது? அந்தச் சூளை யாருது? அவங்க கிட்டயே காசு கேட்டு, அவங்களையே திட்டி எழுதியிருக்கீங்களேம்மா.”

அக்காவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் அது தோன்றவே இல்லை. உண்மையில் பேட்டையில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது.

“அப்ப நீங்க என்னாத்த எழுதுவீங்களாம்?” என்றார் அக்கா.

“உள்ளத எழுதுவன். போன ஐப்பசில உங்க சரக்குல பாதி உப்பிக்கிட்டு வந்துச்சே, அத எழுதுவன். தையில கட்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, கடப்பாறையில பேத்தீங்களே, அத எழுதுவன்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சுவத்துக்கு அந்தாண்டதான கொட்டுறீங்க. தெனம் பாக்குறன்.”

“நீங்க மட்டும் என்னாவாம்? மாசியில அறுவது கட்டை நட்ட நடுவுல பொளந்து போச்சு. வெளிய தெரியாம சாக்குல கட்டி ஆத்தோரம் கொண்டு போனீங்க. வைகாசில கைப்புடி ஒடைஞ்சது. ஆடியில சூளைக்குப் போறதுக்கு முன்னாடியே வெடிச்சு, வெயிலு ஜாஸ்தின்னு சொன்னீங்க.”

“சாக்குல கட்டுனத யாரு பாத்தா?”

“நாந்தான் பாத்தன். பாக்காம இருப்பனா?”

மாமா டிக்கெட் புத்தகத்தைத் திருப்பி வைத்துப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே போனார். “கொஞ்சம் மெதுவா திட்டுங்க, கை வலிக்குது” என்று மட்டும் நடுவில் சொன்னார். அரை மணி நேரத்தில் பதினேழு தோல்விகள் வந்துவிட்டன. அக்காவுடையது எட்டு, கொளஞ்சியப்பனுடையது ஒன்பது. தன்னுடையது ஒன்று அதிகம் என்று தெரிந்ததும் அவர் அக்காவுக்கு இன்னொன்று தேடினார். கிடைக்கவில்லை.

மாமா பட்டியலை உரக்கப் படித்தார். படிக்கப் படிக்க அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

“எனக்கு எல்லாமே உப்புறதும் ஒட்டுறதும். இவருக்கு எல்லாமே பொளக்கறது.”

கொளஞ்சியப்பன் டிக்கெட் புத்தகத்தை வாங்கித் தானும் ஒரு தடவை பார்த்தார். பிறகு, பேட்டையில் ஒரு ஷெட்டுக்காரர் இன்னொருவரிடம் கேட்கவே கூடாத கேள்வியைக் கேட்டார்.

“உங்க கலவையில மண்ணு எவ்வளவு?”

அக்கா தன் கையைப் பார்த்தார். விரலெல்லாம் வெள்ளை மண் காய்ந்திருந்தது.

“பத்துக்கு ரெண்டு. மீதியில கல்பொடிதான் ஜாஸ்தி.”

“நான் பத்துக்கு ஆறு போடுறன்.”

கல்பொடி அதிகமானால் சூட்டில் இளகி உப்பும். மண் அதிகமானால் காயும்போதே சுருங்கிப் பிளக்கும். இது எனக்கே புரிந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ அந்தக் கட்டை இருக்கிறது என்று மூன்று பேரும் ஒரே சமயத்தில் சுவரைப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை வந்த அதிகாரி மெலிந்த மனிதர். பதினேழு தோல்விகளையும் படித்தார். ஒவ்வொன்றுக்கும் உடைந்த துண்டு கேட்டார். நாங்கள் ஆளுக்கொரு கூடையில் பொறுக்கி வைத்திருந்தோம். அக்கா தன் கலவைக் கணக்கைச் சத்தமாகச் சொன்னார். அடுத்த ஷெட்டு ஆட்கள் காதில் விழும் என்று நான் சாடை காட்டியும் நிறுத்தவில்லை.

“நாப்பது மனு பாத்தாச்சு” என்றார் அதிகாரி. “எல்லாருமே ஜெயிச்சவங்க. ஜெயிச்சவங்களுக்கு ஆராய்ச்சி எதுக்குன்னு எனக்குப் புரியல. இதுல போலீஸ் கேஸ் இல்லைன்னு எழுதினது யாரு?”

மாமா சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டார்.

மாசி மாதம் சோதனைச் சூளை லாரியில் வந்தது. இரண்டு ஷெட்டுக்கும் பொது என்று உத்தரவு. அதனால் நடுச் சுவரில் ஏழடிக்கு இடித்து அங்கே நிறுத்தினோம். கதவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் பூராவும் வாக்குவாதம். கடைசியில் அக்கா விட்டுக்கொடுத்தார். கதவு அந்தப் பக்கம் இருந்தால், தான் எப்போது வேண்டுமானாலும் நாலாம் ஷெட்டுக்குள் போகலாம் என்று அவர் கணக்குப் போட்டது கொளஞ்சியப்பனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

முதல் தடவை பதினாறு வில்லைகள் வைத்தார்கள், ஒவ்வொன்றும் ஒரு கலவை. ஆறியதும் கொளஞ்சியப்பன் கதவைத் திறந்தார். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார். ஐந்து உப்பியிருந்தன. எட்டு பிளந்திருந்தன. மூன்று மட்டும் மணி மாதிரி ணங் என்றன. அதில் ஒன்றைக் கொளஞ்சியப்பனிடம் நீட்டினார்.

“கேளுங்க.”

அவர் சுண்டிக் கேட்டார். மறுபடியும் கேட்டார். “டீ சொல்லட்டுமா?” என்றார்.

“சக்கரை கம்மியா சொல்லுங்க” என்றார் அக்கா.

அன்று சாயங்காலம் வரை அக்கா யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. சந்தேகமாக இருந்ததால் நான் வேண்டுமென்றே ஒரு வாளி மண் சகதியைக் கவிழ்த்துப் பார்த்தேன். “பரவால்ல, அள்ளிடு” என்றுவிட்டு, அவர் மறுபடி வில்லையைக் காதில் வைத்துக்கொண்டார். நான் கூட்டி அள்ளிவிட்டு, இன்னொரு வாளியையும் கவிழ்த்தேன்.