அவரைப் பந்தலுக்குப் பூக் கேட்டது

எங்கள் தோட்டத்து வீட்டின் பின்னாலிருந்த அவரைப் பந்தலைப் பிரிக்க அரை நாள்கூட ஆகவில்லை. பிரிக்கலாமா கூடாதா என்று அப்பாவும் அத்தையும் சண்டை போட்டதுதான் ஒரு வருஷம் நடந்தது.

அத்தை அப்பாவுக்கு அக்கா. ஜேடர்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே ஒத்துவராமல், நான் பிறப்பதற்கு முன்பே புதுச்சத்திரத்துப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். பந்தல், அப்பாவைப் பெற்ற அப்பாரு போட்டது. ஆறு கல்லுக்கால், மேலே பனஞ்சட்டம், மூங்கில். எனக்கு எட்டு வயதானபோது சட்டமெல்லாம் செல்லரித்து, இரண்டு கால்கள் சாய்ந்து நின்றன. அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்தார். வண்டியில் கழித்துப் போட்ட இரும்புக் குழாய்களை நட்டுக் கம்பி இழுத்துப் புதுப் பந்தல் போட்டுவிடலாம் என்றார்.

“கல்லு ஆரு மண்டைலயாவது உழுந்தா என்னக்கா பண்றது?”

“எங்கப்பன் நட்ட காலு. அதைப் புடுங்குனீன்னா அப்பறம் நான் இந்த ஊட்டுல இருக்க மாட்டேன், பாத்துக்க!”

அத்தை இதைத் தனியாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பால் வாங்க வந்த பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் மூன்று பேர் காதுபடச் சொன்னார்.

அம்மா தலை வாரினால் மண்டைத்தோல் சீப்போடு வந்துவிடும். வலிக்காமல் வாரத் தெரிந்த ஒரே ஆள் அத்தைதான். இராத்திரி படுக்கை அவர் பக்கத்தில்தான். அவர் போய்விட்டால் என் கதி என்ன? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவருடைய துணிப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பையையே இறக்குவேன்.

ஒருநாள் அடித்த காற்றில் ஒரு கால் விழுந்தே விட்டது. நான் அவரைக்காய் பறித்துக்கொண்டு நின்ற இடத்துக்கு இரண்டடி தள்ளி விழுந்தது. அத்தை ஓடிவந்து என்னை வாரி அணைத்துக்கொண்டார். ஆனாலும் பிரித்துவிடு என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, “கோயில்ல பூக் கேட்டுப் பாத்துரலாம்,” என்றார்.

எங்கள் பக்கம் கல்யாணமோ கிணறோ, முடிவெடுக்க முடியாமல் போனால் குலசாமியிடம் பூக் கேட்பது வழக்கம். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் இலையில் ஒரே மாதிரி கட்டிச் சாமி முன்னால் வைத்து, குழந்தை ஒன்றின் கையால் எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது.

அந்தக் குழந்தை நான்தான். செவப்பு குடு சாமி, செவப்பு குடு சாமி என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். அத்தையோ நிதானமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சாமியே சொல்லிப்போட்டுது. இனி நாம சொல்றதுக்கு என்ன இருக்குது? புடுங்கிப் போடு தம்பி,” என்றார்.

எல்லாரும் வெளியே போனதும் மிச்சமிருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் வெள்ளை! இதென்ன அநியாயம் என்று அப்பாவிடம் ஓடிக் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு பூவோடு என் கையைச் சேர்த்து மூடி, “ஆருகிட்டயும் சொல்லாத கண்ணு,” என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேலியில் பூப் பறித்து வந்தது அப்பாதானே! சாமியையும் ஏமாற்றி, சொந்த அக்காவையும் ஏமாற்றிவிட்டாரே, சீ! பத்து நாள் அவரோடு நான் பேசவில்லை.

அத்தை எங்கும் போகவில்லை. குழாய் நடும்போது, “இன்னும் ஒரு சாண் தள்ளி நடு,” என்று அப்பாவை விரட்டிக்கொண்டிருந்தார். அந்த மூன்று பெண்களும் வந்து பார்த்தார்கள். “சாமி வாக்குங்க, மீற முடியுமுங்களா?” என்றார் அத்தை. அவர்களும் ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஏமாந்தது தெரியாமல் இப்படிக் குஷியாக இருக்கிறாரே என்று எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, இத்தனை வருஷக் கோபத்தை அப்பாவிடம் கொட்டிவிட்டேன். “ரெண்டுலயும் ஏனுங்கப்பா வெள்ளைய வெச்சீங்க?”

அத்தை பந்தலடியில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். அப்பா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மெதுவாப் பேசு கண்ணு, காதுல உழுந்துரும். நான் ரெண்டு பூவையும் பறிச்சுக் குடுத்ததோட சரி. பொட்டலம் கட்டுனது அவதான்.”

மூன்று பேர் கேட்கச் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது என்று அந்த ஒரு வருஷமும் அத்தை தவித்திருக்கிறார். வீட்டை விட்டுப் போக அவருக்கு வேறு இடமே கிடையாது. அது அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், பால் வாங்க வந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். அவர் போய்விடுவார் என்று நம்பியது நான் ஒருத்திதான்.