கண்முன் குடித்துக் காட்ட வேண்டிய கசாயம்

ஏறாவூர்ச் சந்தைக்குப் பக்கத்தில் கசாயம் காய்ச்சி விற்கும் நபீஸாவை நாடறியும். சலத்தை, அதாவது சிறுநீரை, முட்ட வைக்கும் அவளுடைய நெருஞ்சிக் கசாயப் பானையைக் கழுவிய தண்ணீர் வாவியில் கலந்த அன்று, மழையே இல்லாமல் வாவி நிரம்பி, கடலோடு சேரும் முகத்துவாரம் தானாக உடைத்துக்கொண்டது. மீன்களுக்கெல்லாம் அப்படி அவசரம்! நம்பாதவர்கள் மீன்களையே கேட்கலாம்.

நபீஸா போத்தலில் கட்டிக் கொடுக்கமாட்டாள். நோய் வந்த வருத்தக்காரர் அவள் கண்முன்னே குடிக்க வேண்டும். பிள்ளை வயிற்றிலுள்ளவர்களுக்கு ஒரு சொட்டும் கிடையாது.

றிஸ்லாவுக்கு அப்போது இரண்டாம் மாதம். சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் சலக்கடுப்பு நெருப்பாக எரிந்தது. மூன்று மாதம் முடியுமுன் சொன்னால் கண்ணூறு படும் என்று வீட்டில் கட்டளை. ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஊரறியும். டொக்டர் தரும் குளிசை பிள்ளைக்குக் கூடாது, இலைக் கசாயம் ஒன்றும் செய்யாது என்று அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டு, புருஷன் றிஸானை இழுத்து வந்தாள்.

“மாமி, இவருக்குச் சலக்கடுப்பு. போத்தல்ல தாங்க, ஊட்டுல வச்சுக் குடுக்கன்.”

“ஆள் இஞ்சதானே நிக்கார்! குடிங்க மருமகன்.”

றிஸ்லா கண்ணால் கெஞ்சினாள். றிஸான் குடித்தான்.

“முகம் தெளியல்ல. இன்னொண்டு குடிங்க.”

ஒரு நோயுமில்லாத சுகதேகி பாவம், கழிப்பறைக்கு ஓடினான், வந்தான், உட்காராமலே திரும்பவும் ஓடினான். நபீஸா அடுத்த கோப்பையை நீட்டியதும் மீன்கடை வரை கேட்கக் கத்தினான்:

“எனக்கு ஒண்டுமில்ல மாமி! புள்ளையும் அவளுக்கு, கடுப்பும் அவளுக்கு!”

நபீஸாவின் அகப்பை கீழே விழுந்தது. “எடி கள்ளி! ஒனக்கா கேட்டாய்?”

“இலைதானே மாமி...”

“நஞ்சு அலரியும் இலைதான், தின்னுவியா? வயித்துப் புள்ளைக்கு இது கூடுமா கூடாதா எண்டு எனக்கே தெரியா. சும்மா விட்டா வருத்தம் குண்டிக்காய்க்கு ஏறும், கிட்னி பழுதாகும். நட ஆஸ்பத்திரிக்கு!”

கடையைப் பூட்டி அவளும் ஓட்டோவில் ஏறினாள். றிஸானுக்காக ஓட்டோ மரத்துக்கு மரம் நின்றது.

டொக்டர் சலத்தைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: “முதல் மாதங்கள்ல இந்தக் கசாயங்கள் பத்திரமா எண்டு சரியாச் சோதிச்சதில்ல, குடிக்க வேணாம். இந்தக் குளிசை கர்ப்பிணிகளுக்குக் குடுக்கிறதுதான். எரிவு நிண்டாலும் இடையில நிப்பாட்டாதீங்க.”

வீடு திரும்பியபோது, மீன்கடை வழியாகப் பிள்ளைச் சேதி பரவி, வாசல் நிறையச் சொந்தக்காரர், பலகாரத் தட்டுகளோடு. றிஸான் ஸலாத்துக்குப் பதில்கூடச் சொல்லாமல் உள்ளே பாய்ந்தான்.

குளிசை முடிந்து மறுபடி சோதித்தார்கள். கிருமியில்லை. பிள்ளையும் சுகம். ஆஸ்பத்திரி வரிசையின் நடுவில் நின்றே றிஸ்லா ஊர் கேட்கச் சிரித்தாள்.