சந்தனம் பூசிய கட்டிங் டூல்

பதினாறு வருடம் நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான். ஆனால் இரும்பு கடையும் லேத்தில் கை வைத்ததில்லை. போன ஆண்டு பழைய சின்ன லேத் ஒன்றை வாங்கி, பந்தல்குடியில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் இறக்கினேன். அன்றைக்கே என் சட்டைப்பையில் ஒரு கடிதம் ஏறிவிட்டது. மில் வேலையை விடுகிறேன் என்று எழுதிய கடிதம். மச்சினன் டிராக்டருக்கு இரும்புப் பின் ஒன்று கடைய வேண்டும். அந்த வார ஞாயிற்றுக்கிழமைக்குள் அது ஒழுங்காக வந்தால் திங்கட்கிழமை கடிதத்தைக் கொடுப்பது, வராவிட்டால் கிழித்துப் போடுவது. நானும் என் மனைவியும் பேசி முடிவு செய்தது இதுதான்.

லேத்தில் பூட்டி இரும்பை வெட்டும் டூல் வாங்க அருப்புக்கோட்டைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பளபளவென்று வரிசையாக அடுக்கியிருந்தது.

"அண்ணே, இந்தச் செட்டத் தூக்கிட்டுப் போங்க. பதினோரு டூலு, கார்பைடு முனை. தீட்டுற சோலியே இல்ல."

"புதுசா ஓட்டுறவன் நானு. ஒரு இடி இடிச்சா முனை தெறிச்சுப் போகும். பெறகு அத வச்சு என்ன செய்ய?"

எனக்குக் கார்பைடு மேல் பகை இல்லை. என் லேத்தின் மோட்டார் சின்னது, என் கையோ அதைவிடக் கற்றுக்குட்டி. எச்.எஸ்.எஸ். என்கிற எஃகு பிட் மழுங்கினால் கிரைண்டரில் தீட்டிக்கொள்ளலாம். அதில் நான்கும், அறுத்தெடுக்க ஒரு பார்ட்டிங் டூலும் போதும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நானும் அப்படியே பார்த்துவிட்டு, கேட்டதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு காலை ஒரு பிட்டைத் தீட்டிப் பொருத்தினேன். டூலின் முனை, லேத்தில் சுழலும் இரும்புக் கம்பியின் நடுமையத்துக்கு நேராக நிற்க வேண்டும். உயரம் போதவில்லை என்பதால் இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடுத் துண்டுகளை அடியில் கொடுத்துச் சரியாக்கினேன். பிறகு பூஜைக்காக எல்லாவற்றையும் கழற்றிச் சாமி முன்னால் வைத்தேன். சந்தனம் வைப்பதில் எனக்குத் தாராளக் கை. பிட்டின் நாலு பக்கமும் அப்பினேன். பிளேடுத் துண்டுகளையும் விடவில்லை, அவையும் கருவிதானே! சூடம் காட்டியதும் அப்படியே திரும்பப் பூட்டினேன்.

ஓட விட்டதும் கிறீச்சென்று ஒரு சத்தம், பல் கூசியது. டூல் வெட்டாமல் தேய்த்தது. கம்பியின் முகப்பில் நடுவே மிளகளவு முண்டு ஒன்று மிச்சம் நின்றது. இரண்டு தடவை கழற்றாமல் கைக்கல்லால் முனையைத் தீட்டியும் அதே கூத்து. கடைக்காரர் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று தோன்றியது. ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன். என்மேல்தான் கோபம், சத்தம் போட்டது என்னவோ மனைவியிடம்.

அவள் டீயை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, அடியில மஞ்சளாப் பிதுங்கி நிக்குதே, அது என்ன?"

காய்ந்த சந்தனம். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே ஒரு பூச்சு, பிட்டுக்கு அடியில் இன்னொன்று. எல்லாம் சேர்ந்து டூலை மேலே தூக்கியிருந்தது. மில்லில் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன், பாகம் உட்காரும் இடத்தைத் துடைக்காமல் பூட்டுகிறான் என்று!

"பூஜ பண்ணதத் தொடைக்கலாமா?" என்றேன் தயங்கி.

"தொடைங்க. சாமி கோவிச்சா நான் பேசிக்கிறேன்."

எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பூட்டினேன். கம்பியிலிருந்து இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. முகப்பு வழவழவென்று இருந்தது, முண்டு இல்லை. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கியது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

சாயங்காலம் பின்னை மாட்டிப் பார்த்த மச்சினன், கச்சிதம் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மனைவி என் சட்டையை ஊறப் போடுவதற்கு முன் பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் படித்தாள்.

"இதுல தேதியே போடலையே?"

பயத்தில் விட்டு வைத்த இடம் அது. அது பயம்தான் என்று எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும். பேனாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அடுத்த நாள் தேதியைப் போட்டேன்.